எலிசாள் போட்ட பூட்டுத் தையல்

தம்பானூரில் பஸ்ஸை விட்டு இறங்கி எதிரே ரயில் நிலையத்துக்கு ஓடுகிறவர்களின் பைகளுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஊரிலிருந்து அவ்வளவு தூரமும் ஒழுங்காக வந்துவிட்டு, ரோட்டைக் கடக்கும்போதுதான் வார் அறுந்துகொள்ளும். ஜிப் வாயைப் பிளக்கும். சக்கரம் ஒன்று கழன்று தனியாக உருண்டு ஆட்டோவுக்கு அடியில் போகும். இப்படி நடுத்தெருவில் மானம் போனவர்களுக்காகத்தான் எலிசாள் உட்கார்ந்திருந்தாள். ஒரு லாட்ஜின் மாடிப்படிக்குக் கீழே ஒரு தையல் மெஷின், ஒரு ஸ்டூல், குத்தூசிகள் செருகிய பழைய தலையணை ஒன்று, அவ்வளவுதான் கடை. பாறசாலைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்த புதிதில் பிளவுஸ் தைத்துப் பார்த்தாள். அளவு சரியாக வந்தாலும் பெண்களுக்கு மனசு சரியாக வராது என்று கண்டுகொண்டு பைக்கு மாறிவிட்டாள். பை குறை சொல்லாது.

வேதப்புத்தகத்துக்கு வெளியே அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் உண்டு. தையல் குறைந்து கெட்ட பை ஆயிரம் இருக்கும், தையல் கூடிக் கெட்ட பை ஒன்றுகூடக் கிடையாது. ஆகவே யார் எதைக் கொண்டுவந்தாலும், ஒரு கண்ணி அடுத்ததைப் பூட்டிக்கொள்ளும் பூட்டுத் தையல்தான். சும்மா ஒரு ஓட்டுத் தையல் போதும் என்று அவசரப்படுகிறவர்களை ஒரு பார்வை பார்ப்பாள். ரயில் போனால் அடுத்த ரயில் உண்டு, பாதி வழியில் பை வாயைப் பிளந்தால் உள்ளே இருப்பதை ஊரே பார்க்கும் என்பாள். தன் தையல் விட்டால் தன்னிடம் வரலாம், துணி கிழிந்தால் பை விற்றவனிடம் போக வேண்டும் என்பது கடையின் சட்டம். தையல் விட்டதென்று யாரும் திரும்பி வந்ததில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

புருஷன் யோசுவா அதே லாட்ஜில் கணக்கு மேசையில் இருந்தவர். அவர் போய்ச் சேர்ந்த பிறகு ஒரே மகள் ஜினி அம்மாவைக் கழக்கூட்டத்துக்கு, தான் வாடகைக்கு இருந்த ஃபிளாட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜினிக்கு ஐ.டி. பார்க்கில் நல்ல வேலை. கடையை விட்டுவிடச் சொல்லி மகள் சொல்லாத நாளில்லை. எலிசாள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தினமும் ஹைவே நெரிசலில் பஸ் பிடித்துத் தம்பானூர் போய், வாரத்தில் ஞாயிறு சர்ச்சுக்கும் திங்கள் வீட்டுக்கும் மட்டும் ஒதுக்கினாள்.

மகள் ஆகாயத்திலிருந்து குதிக்கிறாள் என்பது அவளுக்குத் தெரிந்தது ஒரு வீடியோவில். கம்பெனி ஜினியை இரண்டு வருஷம் வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. எல்லாரும் அங்கே போய்ச் சாக்லேட்டும் ஜாக்கெட்டும் வாங்குவார்கள், இவள் போய் இதைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் வடிவம்மாளின் போனுக்கு அந்த வீடியோ எப்படியோ வந்து சேர்ந்தது. விமானக் கதவு திறந்திருக்கிறது. கதவில் ஜினி. அடுத்த நொடி கதவில் ஜினி இல்லை. கீழே, மேகத்துக்கும் கீழே, கன்னம் இரண்டும் காற்றில் படபடக்க, பல்லைக் காட்டிக்கொண்டு விழுந்துகொண்டிருக்கிறாள். எலிசாள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தாள். வீட்டுக்கு வந்து மகளிடம் முதலில் கேட்ட கேள்வி, யார் தள்ளிவிட்டது என்பதுதான். யாரும் தள்ளவில்லை, தானே குதித்ததாக ஜினி சொன்னபோது அதைவிடப் பெரிய அதிர்ச்சி. தள்ளிவிட்டிருந்தாலாவது போலீசுக்குப் போகலாம்.

அழுதாள், உபவாசம் இருந்தாள், போதகரை வரவழைத்துப் பேச வைத்தாள். போதகர் அரை மணி நேரம் ஜினியுடன் பேசிவிட்டு, மேலேயிருந்து கடல் எப்படித் தெரியும் என்று கேட்டுக்கொண்டு போனார். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று ஊரில் சும்மாவா சொன்னார்கள். ஜினி சிரித்தாளே தவிர நிறுத்தவில்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் வடக்கே, டெல்லியைத் தாண்டி, ஏதோ பழைய ஓடுதளத்துக்குப் போவாள். பாராசூட் பை அவளுடையதே. வெளிநாட்டில் ஒருவர் பயன்படுத்தியதை வாங்கிவந்தது. விமானத்தில்கூட அதை லக்கேஜில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு போவாள். வீட்டில் அதற்கென்று அலமாரியில் தனி இடம். அதை யாரும் தொடக்கூடாது என்பது ஜினியின் சட்டம்.

எலிசாள் தொடவில்லை. ஆனால் பார்த்தாள். வாழ்நாள் முழுக்கப் பை பார்த்த கண் அல்லவா. பெல்ட்டெல்லாம் முதல் தரம், தையலும் ஒத்துக்கொள்ளலாம். ஆனால் மார்பு வாரின் வலது பக்கத்தில் குட்டித் தலையணை மாதிரி ஒரு சிவப்புக் கைப்பிடி இருந்தது. அது தையலே இல்லாமல், ஒட்டி உரிக்கிற வெல்க்ரோப் பட்டையில் வெறுமனே ஒட்டிக்கொண்டு நின்றது. வெல்க்ரோவும் பழசாகி மயிர் எழும்பிக் கிடந்தது. இவ்வளவு விலையுள்ள பையில் இப்படி ஒரு அரைகுறை வேலையா என்று அவளுக்கு ஆச்சரியம்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், இந்தக் கிறுக்கில் புதிதாக விழுந்த மூன்று பேர் ஃபிளாட்டுக்கு வந்தார்கள். அவர்களில் ஜிபின் நெய்யாற்றின்கரைக்காரன், ஜினியோடு வேலை செய்கிறவன், பார்த்தால் சாது. சோபாவை ஓரம் தள்ளி, ஹால் முழுக்கப் பாராசூட்டை விரித்துப் போட்டு ஜினி பாடம் நடத்தினாள். எலிசாள் அடுக்களையில் வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி போட்டுக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தாள். புதிதாகக் குதிக்கிறவர்கள் பயப்படுவது பாராசூட் திறக்காமல் போவதற்கு. ஆனால் எத்தனையோ பேர் சாவது நன்றாகத் திறந்த பாராசூட்டின் கீழே, தரைக்குப் பக்கத்தில் வந்து கெத்துக் காட்டத் திரும்பும்போது என்றாள் ஜினி. பாராசூட்டுக்கு அவர்கள் பேச்சில் குடை என்று பெயர்; ஜிபின் சின்னதாக, வேகமாகப் போகும் குடை ஒன்று வாங்கப் பார்த்துவைத்திருந்தான் போல. பெரிய குடையில் நிதானமாக இறங்கத் தெரியாதவனுக்குச் சின்னக் குடை எதற்கு என்று கேட்டு அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டாள். உன் பையை உன் கண்ணால் பார், தினமும் பார், கைப்பிடிகளைக் கையால் கொஞ்சம் உரித்துப் பார்த்துத் திரும்ப ஒட்டு, இன்னொருவன் பார்த்ததாகச் சொன்னால் நம்பாதே என்றாள். மகள் டீச்சராகியிருக்கலாம் என்று எலிசாளுக்கு ஒரு பெருமைகூட வந்தது.

டீத் தட்டோடு ஹாலுக்கு வந்தபோது ஜினி அந்தச் சிவப்புக் கைப்பிடியைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"இத இழுத்தா அவ்வளவுதான். மேல இருக்க மொத்தக் குடையும் நம்மள விட்டுப் போயிரும்," என்றாள்.

எலிசாள் தட்டைக் கீழே போடாதது கர்த்தரின் கிருபை. குடை விட்டுப் போய்விடுமாம். அதற்கு ஒரு கைப்பிடி வேறு வைத்திருக்கிறார்களாம். ஓடுகிற பஸ்ஸில் சக்கரத்தைக் கழற்ற ஒரு சுவிட்ச் வைப்பானா ஒருவன்? அதுவும் எங்கே, கை பட்டால் படுகிற இடத்தில், செத்த வெல்க்ரோவில்! அதற்குள் அடுக்களையிலிருந்து கரிகிற வாசனை வந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்து, எண்ணெயில் கறுத்துப்போனதை அள்ளி எறிந்துவிட்டுத் திரும்பி வருவதற்குள் பேச்சு எங்கோ போய்விட்டது. அந்தப் பழம்பொரி கரிந்து அடுப்போடு போயிருந்தாலும் பரவாயில்லை, நின்று கேட்டிருக்க வேண்டும் என்று பிற்பாடு எத்தனையோ தடவை நெஞ்சில் அடித்துக்கொண்டாள். அன்றைக்கு மேற்கொண்டு எதையும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டதுதான் அட்சர சுத்தமாகக் கேட்டதே.

மறுநாள் திங்கட்கிழமை. ஜினி ஆபீஸுக்குப் போய்விட்டாள். அலமாரியைத் துடைக்கப் போன எலிசாள் பையை நகர்த்தியபோது சிவப்புக் கைப்பிடியின் ஒரு மூலை தானாகவே உரிந்து தொங்கியது. அழுத்தி ஒட்டிப் பார்த்தாள், நிற்கவில்லை. வெல்க்ரோ போய்விட்டது என்று ஜினிக்கும் தெரியும். வடக்கே அதற்கென்று ஆள் உண்டாம், அவர்தான் மாற்ற வேண்டுமாம், போய் மாற்றிக்கொள்வாளாம். போய்ச் சேருகிற வரை தாங்க வேண்டாமா? ஊருக்கெல்லாம் பை தைக்கிறவள் வீட்டில், அவள் பெற்ற பிள்ளையின் உயிர் தொங்குகிற பை இப்படியா இருப்பது?

சொன்னால் சண்டை வரும். ஆகவே சொல்லவில்லை. கடைக்கு வருகிற டிராலிப் பைகளுக்குப் போடுகிற மெழுகு நூலில் சிவப்பு நிறம் தேடி எடுத்தாள். பழுது பார்த்தது வெளியே தெரிந்தால் அது பழுது பார்த்ததே இல்லை என்பது அவள் தொழில் மானம். குத்தூசியால் கைப்பிடியின் மூன்று பக்கமும் வாரோடு சேர்த்துப் பூட்டுத் தையல் போட்டாள். நாலாவது பக்கத்தில் கம்பிகள் நுழைந்தன, அங்கே ஊசி இறங்கவில்லை, விட்டுவிட்டாள். போட்டு முடித்து இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. பையின்மேல் கையை வைத்து ஒரு ஜெபமும் செய்தாள். அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து முதல் தடவையாக அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை ஜினியும் ஜிபினும் கிளம்பினார்கள். வழக்கமாக மகள் பையை மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கும்போது எலிசாள் உள்ளே போய்க் கட்டிலில் விழுவாள். இந்தத் தடவை வாசலில் நின்று கையாட்டினாள். அம்மா மாறிவிட்டாளே என்று ஜினிக்கே சந்தோஷம்.

சனிக்கிழமை போன் வரவில்லை. குதித்து முடித்ததும் ஒரு வார்த்தை அனுப்புகிற பிள்ளை, அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் வருவதாக மட்டும் ஒரு வரி வந்தது. எலிசாளுக்கு என்னவோ போலிருந்தது, ஆனாலும் பயம் என்று சொல்ல முடியாது. தையல் இருக்கிறதே.

கதவைத் திறந்தபோது ஜினியின் வலது கை முழங்கை வரை கட்டுப்போட்டிருந்தது. கழுத்தில் வார் அறுத்த சிவப்புக் கோடு. உதடு வெடித்திருந்தது. பின்னால் ஜிபின் பையைச் சுமந்துகொண்டு நின்றான். இரண்டு நாளில் அவன் முகம் சுருங்கி, ஏதோ சாவு வீட்டிலிருந்து வருகிறவன் போல இருந்தான். எலிசாள் மகளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தாள். எங்கே விழுந்தாய் என்று கேட்டாள். ஜினி தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

"அம்மா, யாரோ என்னக் கொல்லப் பாத்திருக்காங்க."

நடந்ததை ஜினி சொல்லச் சொல்ல, எலிசாள் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதியைத்தான் காதில் வாங்கினாள். அன்றைக்கு முதல் குதிப்பு. பாராசூட் திறந்தது, ஆனால் கோணலாகத் திறந்தது. கயிறுகள் முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் மடங்கி, அவளைச் சுழற்ற ஆரம்பித்தது. பம்பரம் கட்டிச் சுற்றினது மாதிரி. இப்படி ஆனால் செய்ய வேண்டியது ஒன்றுதான், கெட்டுப்போன குடையை அறுத்துவிட வேண்டும். சிவப்புக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. வெல்க்ரோவில் இருப்பது, சின்னப் பிள்ளை இழுத்தாலும் வர வேண்டியது, வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். தரை பக்கத்தில் வந்துகொண்டே இருந்தது. நகம் பிய்ந்தது, மணிக்கட்டு பிசகியது. கம்பி நுழைகிற பக்கத்தில் விரலை விட்டுக் கிழித்துக் கிழித்துக் கடைசியில் கையோடு வந்தது. மறு கைப்பிடியை இழுத்து, அடுத்த குடை திறந்து, மூச்சுவிடுவதற்குள் கால் கடுகு வயலில் இடித்தது. அவ்வளவு தாழத்தில்தான் அது திறந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்பதை ஜினி சொல்லவில்லை. ஜிபின் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

காலையிலேயே கைப்பிடியை உரித்துப் பார்த்திருக்க வேண்டும், அது தன் தப்பு என்றாள் ஜினி. ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தான் செய்யவில்லை. வெல்க்ரோ எப்படியோ நன்றாக ஒட்டியிருக்கிறது, மாற்றுகிற ஆள் மத்தியானம் வரட்டும் என்று மேலோட்டமாகப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். ஆனால் தைத்தது யார்? அங்கே இருந்தவர்கள் எல்லாரும் ஜிபினைத்தான் பார்த்தார்கள். முந்தின ராத்திரி ஜினியின் பை கிடந்தது அவன் பையோடு, அவன் பாயில். அவனை ஒரு அறையில் உட்காரவைத்து அன்றைக்கு ராத்திரி வரை கேள்வி கேட்டிருக்கிறார்கள். போலீசில் எழுதிக்கொடுக்கப் போகிறார்களாம். தான் அவனை நம்புவதாக ஜினி சொன்னாள். சொன்னாளே தவிர, அவன் பக்கம் திரும்பிச் சொல்லவில்லை.

பிறகு கட்டில்லாத கையால் பைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே சிவப்புக் கைப்பிடி. மூன்று பக்கமும் துணி நார்நாராகக் கிழிந்திருந்தது. நூல் அறுந்திருக்கவில்லை. கிழிந்த துணியைக் கவ்விக்கொண்டு வரிசை பிசகாமல் அப்படியே நின்றது.

"பாரு, வேல தெரிஞ்ச கையாக்கும். சிவப்புத் துணிக்குச் சிவப்பு நூல் பாத்து எடுத்திருக்கு. தெரியக் கூடாதுன்னே தச்சிருக்கு. கொல்லணும்னு நெனக்காத ஆள் இவ்வளவு மெனக்கெட மாட்டான்."

தலையில் இடி விழுவது என்பார்களே, அப்படியெல்லாம் இல்லை. இடி விழுந்தால் செத்துப்போகலாம். எலிசாள் உயிரோடு நின்று தன் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் போட்டிருந்தாள். ஒரு கண்ணி பிசகவில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று புத்தி ஓடியது. அந்தப் பக்கம் திரும்பினால் ஜிபின் நின்றான்.

"நானாக்கும்," என்றாள்.

ஜினிக்குப் புரியவில்லை. என்ன என்று கேட்டாள்.

"நானாக்கும் தச்சது மக்ளே. திங்கக்கிழம, நீ ஆபீஸ் போன பொறவு."

ஜிபின் மெல்லத் தரையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். ஜினி அம்மாவை, முன்பின் பார்த்திராத ஒரு பொம்பளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். ஏன் என்று கேட்டாள்.

"நீயில்லா சொன்ன, இத இழுத்தா குடை விட்டுப் போயிரும்னு," என்றாள் எலிசாள். "குடை போனா பின்ன நீ எதுல வருவ? அது விட்டுப் போகாண்டாம்னுதான் தச்சேன்."

தரையில் உட்கார்ந்தபடியே ஜிபின்தான் பதில் சொன்னான். அவன் குரலில் கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. "ஆன்ட்டி, உள்ள ரெண்டு குடை உண்டு. மொதல் குடை கெட்டுப்போனா அத விட்டாத்தான் ரெண்டாவத திறக்க முடியும். விடாம திறந்தா ரெண்டும் பின்னிக்கிடும்."

"ரெண்டா?" என்றாள் எலிசாள்.

ஜிபின் தலையாட்டினான். அவள் பையைப் பார்த்தாள், உறையைப் பார்த்தாள், திரும்பவும் அதையே கேட்டாள். இரண்டு என்று தெரிந்திருந்தால் ஊசியை எடுத்திருக்கவே மாட்டாள். இத்தனை வருஷம் பை தைத்த புத்திக்கு, விடுவதற்கென்றே ஒரு பிடி இருக்கும் என்று எட்டவில்லை. கெட்டதை விட்டால்தான் பிழைப்பு என்று ஒரு பை இருக்கும் என்று யார் கண்டது? ஆழம் தெரியாமல் காலை விட்டது அவள், மூழ்கப் பார்த்தது மகள்.

அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை. மகள் திட்டினால் நன்றாக இருக்கும், கையில் கிடைத்ததை எடுத்து எறிந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஜினி இரண்டும் செய்யவில்லை. உறையை மேசையில் அப்படியும் இப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். வெளியே ஹைவேயில் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின.

"வரல்லம்மா," என்றாள் கடைசியில். "ரெண்டு கையும் போட்டு இழுத்தும் வரல்ல. பூமி சுத்திச் சுத்தி மேல வருது. அப்பம் நான் என்ன கத்தினேன் தெரியுமா? அம்மான்னுதான் கத்தினேன். அது கையோட வர்றது வரைக்கும் அம்மா, அம்மான்னு ஒன்னையாக்கும் கூப்பிட்டேன்."

குத்திக்காட்டுவதற்காக அவள் அதைச் சொல்லவில்லை. நடந்தது அது, அதைச் சொன்னாள். ஆகாயத்தில் பிள்ளை கூப்பிட்ட நேரமெல்லாம் அவளை விடாமல் பிடித்துவைத்திருந்தது தன் கைதான் என்பதை எலிசாளால் தாங்க முடியவில்லை. மகளின் கட்டுப்போட்ட கை மேசையின்மேல், எட்டினால் தொடுகிற தூரத்தில் இருந்தது. தன் கையை அதன் பக்கம் வரை கொண்டுபோனாள். தொடத் தைரியம் வராமல், அங்கேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.